கண்டவரும் பெயர் சொன்னவரும்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. மறைத்துப் பயனில்லை, என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதுச் செய்தியும் இல்லை. கோயில் திருவிழாவில் எனக்கு முன்னால் நிற்பவளின் சேலைக் கரை என்னுடையதைவிட எடுப்பாக இருந்தால், அன்றைக்கு ஐயர் சொல்லும் மந்திரம் ஒன்றும் என் காதில் ஏறாது. பக்கத்து வீட்டு டேனிஷ்காரியின் தக்காளி என்னுடையதற்கு முன்னால் சிவந்தால் ஒரு கிழமைக்கு அந்த வேலிப் பக்கமே பார்க்க மாட்டேன். இதெல்லாம் சின்னப் பொறாமைகள், வரும், போகும். கட்டிய மனுசன் மேல், அதுவும் ஒரு தும்பிக்காக, வயிறு எரியும் என்று மட்டும் நான் நினைத்ததில்லை. எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு பொய்யும் சொன்னேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற சின்ன ஊரில். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஆட்களைத் தூக்கி, திருப்பி, குளிக்கவார்த்து, கடைசியில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் மருத்துவ விடுப்பு. அந்த நேரம் கொமூன்காரர், அதாவது நகரசபைக்காரர், என்னை ஒரு நடைப் பயிற்சிக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். இடுப்பு நொந்தவர்கள், முழங்கால் நொந்தவர்கள், மனம் நொந்தவர்கள் என்று எட்டுப் பேர். ஊருக்கு வெளியே ஹீதர்ச் செடி மண்டிய மணல்வெளியில் எங்களை நடக்கவிட்டார்கள். டேனிஷில் ஹெதெ என்பார்கள். மரம் என்று சொல்ல வெள்ளைப் பட்டையோடு ஒன்றிரண்டு பேர்ச், மிச்சமெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கரடுமுரடான செடிகள், நடுவில் தேயிலைச் சாயம் போல் பழுப்பான தண்ணீருடன் சின்னச் சின்னக் குளங்கள். முதல் நாள் எனக்கு அந்த இடம் பிடிக்கவேயில்லை. காய்ந்து கிடக்கும் இந்த வெளியைப் பார்க்கவா காலை எட்டு மணிக்கு எழுப்பினார்கள் என்று மனதுக்குள் திட்டினேன்.

இரண்டாம் நாள் என் ஜாக்கெட் கையில் ஒரு ஊசித்தும்பி வந்து உட்கார்ந்தது. தும்பி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊசித்தும்பி அதன் மெலிந்த தங்கை. உட்காரும்போது சிறகை மடித்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு தையல் ஊசியைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. இது நீலம், இடையிடையே கறுப்பு வளையம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். குழு போய்விட்டது. அது போகவில்லை.

அன்றிலிருந்து ஆறு வருடம். நூலகத்தில் புத்தகம் எடுத்தேன், வலை வாங்கினேன், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டேன். டேனிஷ்காரர் தும்பியைப் பொற்கொல்லன் என்று சொல்வதைக் கேட்டு, தமிழ்நாட்டுக்காரர் தட்டான் என்பது நினைவு வந்து, எனக்குள் சிரித்துக்கொண்டேன். நீல ஊசித்தும்பிகளைப் பிரித்தறிவதுதான் கஷ்டம். எல்லாம் ஒரே நீலம். வாலின் இரண்டாவது துண்டில் உள்ள கறுப்புக் குறியைத்தான் பார்க்க வேண்டும். குதிரை லாடம் போல் இருந்தால் எங்கும் கிடைக்கிற சாதாரண இனம். ஈட்டி முனை போல் இருந்தால் வேறு. பிறை போல் வளைந்து, அதன் இரண்டு பக்கமும் ஒட்டாத இரண்டு சிறு கோடு நின்றால், அதுதான் நிலாவின் பெயர் வைத்த இனம். எங்கள் பகுதியில் அரிது. ஆறு வருடமாக நான் தேடியது அதைத்தான். எனக்குக் கிடைத்ததெல்லாம் லாடம்.

தும்பி பார்ப்பவர்கள் பதிவதற்கு ஓர் இணையதளம் உண்டு. எந்தக் குளம், என்ன நாள், என்ன இனம் என்று எழுதியபின் இரண்டு கட்டம் வரும். ஒன்றில் கண்டவர் யார் என்று எழுத வேண்டும். மற்றதில் பெயர் சொன்னவர் யார் என்று, அதாவது அது இன்ன இனம் என்று நிச்சயப்படுத்தியவர் யார் என்று எழுத வேண்டும். என் பதிவுகளில் இரண்டு கட்டத்திலும் என் பெயர்தான். வீடு என் மனுசன் பெயரில், கார் இவர் பெயரில், கலியாண வீட்டு அழைப்பிதழ் இவர் பெயர் போட்டு "குடும்பத்தினர்" என்று வரும். மகளின் பள்ளிக்கூடத்தில் நான் மகளின் அம்மா. வேலையில் நீல உடுப்புப் போட்ட பலரில் ஒருத்தி. அந்த இரண்டு கட்டத்தில் மட்டும் நான் நானாகவே இருந்தேன். எனக்கென்று ஒன்று வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. தானாகக் கிடைத்தது. அதனால்தானோ என்னவோ, விட மனம் வரவில்லை.

முதல் ஐந்து வருடமும் இவர் வெறும் சாரதி. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் சீற்றைச் சரித்துப் படுத்தபடி போனில் ஊர்ச் செய்தி வாசிப்பார். போத்தலில் தேத்தண்ணி, பையில் நான் பொரித்த பற்றிஸ். நான் திரும்பி வர, "முடிஞ்சுதோ?" என்பார். "முடிஞ்சுது" என்பேன். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

போன வருடம் மே மாதம் ஒரு ஞாயிறு இவருடைய போனில் சார்ஜ் இல்லை. காரில் இருந்து அலுத்துப்போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குளக்கரைக்கு வந்தார். வந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"அந்தக் கோரைப் புல்லில என்ன, ஏதோ உரிஞ்சு கிடக்குது?"

நான் அதே புல்லைத்தான் கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தோலை உரித்து வெளியே வந்த ஒரு வெண்முகத் தும்பி, சிறகு இன்னும் நனைந்தபடி, உரித்த தோலுக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்றை என் வாழ்க்கையில் இரண்டு தரம்தான் கண்டிருந்தேன். இவர் சப்பாத்தில் மண் ஒட்டாமல் வந்து நின்று கண்டார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இவர் இருபத்திரண்டு வருடமாகச் செய்வது துணி பார்க்கும் வேலை. தளபாடங்களுக்கு உறை தைக்கும் துணி, கீழே வெளிச்சம் எரியும் பெரிய கண்ணாடி மேசைக்கு மேலால் உருண்டு போகும். இவர் நின்று பார்ப்பார். ஒரு நூல் அறுந்திருந்தால், ஒரு முடிச்சு விழுந்திருந்தால், சாயம் ஒரு விரல் அகலத்துக்கு மங்கியிருந்தால், மேசையை நிறுத்தி ஓரத்தில் சிவப்பு ஒட்டி ஒன்றை ஒட்டுவார். ஒரே மாதிரி ஓடுகிற ஒன்றில் எது மாறி நிற்கிறதோ அதில்தான் இவர் கண் போய் நிற்கும். கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்து, மேடை அலங்காரத்தில் ஒரு பூ தலைகீழாகக் குத்தியிருக்கிறது என்பார். அந்தக் கண்தான் இப்போது என் குளத்துக்கு வந்துவிட்டது.

முதலில் சந்தோஷப்பட்டேன். பொய் இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்ய ஒன்று கிடைத்தது என்று மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மகள் ஓகூஸ் நகரத்தில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்வாள், அது எங்கள் வீட்டு வழக்கம். ஐந்து வருடமாக நான் அனுப்பிய தும்பிப் படங்களுக்கெல்லாம் கட்டைவிரலை உயர்த்திய ஒரு பொம்மை மட்டும்தான் அவளிடமிருந்து வரும். அப்பா உரிந்த தோலைக் கண்டுபிடித்தார் என்றதும், "அப்பா கெட்டிக்காரர், நானும் ஒருநாள் வாறேன்" என்று டேனிஷில் கத்தினாள். போனை வைத்தபின் அந்தக் கட்டைவிரல் பொம்மைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன்.

பிறகு, நான் சேர்ந்திருந்த தும்பி பார்ப்பவர்கள் சங்கத்துக்காரர் ஒழுங்கு செய்த குளச் சுற்று வந்தது. பதினைந்து டேனிஷ்காரர், எல்லோரும் முழங்கால் வரை பூட்ஸ். வழக்கமாக நான் ஒருத்திதான் எங்கள் ஆள். அந்தமுறை இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். இவருக்கு ஓர் இனத்தின் பெயரும் தெரியாது. சும்மா கையை நீட்டுவார், "அங்கே" என்பார், பதினைந்து பேரும் திரும்புவார்கள், அங்கே ஏதாவது இருக்கும். வழிநடத்திய பெண் கடைசியில் இவர் தோளில் தட்டி, "இந்த மனிதருக்குக் கண் இருக்கிறது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இவரை இவ்வளவு நாளும் எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று அன்றைக்குப் பழகிக்கொண்டேன். வருடக்கணக்காக அந்தச் சங்கத்தில் இருக்கிறேன், எனக்குக் கண் இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.

அதன்பின் நான் செய்ததெல்லாம் சின்னப்பிள்ளை வேலை. பாரமான பையை இவரிடம் கொடுத்தேன். தும்பி வராத நிழல் பக்கத்தைக் காட்டி, "நீங்கள் அங்கால பாருங்கோ, நான் இங்கால பாக்கிறன்" என்றேன். நிழல் பக்கத்திலும் கண்டார். இவர் பார்க்கிற திசையில் போய் மறித்து நின்றேன். என் தலைக்கு மேலால் கையை நீட்டி, "உம்மட தலைக்கு அங்கால ஒண்டு" என்றார். பதியும்போது "கண்டவர்" கட்டத்தில் இவர் பெயரை எழுத எழுத என் கை பாரமாகிக்கொண்டே வந்தது. இவருக்கு அது என்ன கட்டம் என்றே தெரியாது. கேட்டதும் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஆசைப்பட்டுப் பறித்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

இந்த வருடம் மே கடைசியில், பேர்ச் மரங்களுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குளத்துக்குப் போனோம். பாசிமெத்தையில் கால் வைத்தால் கரையே ஆடும். நல்ல வெயில். நான் கணுக்கால் வரை தண்ணீரில் நின்று லாடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாரும்," என்றார் இவர். "இது மற்றது மாதிரி இல்லை."

"எல்லாம் லாடம்தான்."

"இல்லையப்பா. லாடத்தின்ர ரெண்டு காலும் அறுந்து நிக்குது. நூல் விட்டுப்போன மாதிரி."

நான் போய் வலையைப் போட்டேன். இரண்டு விரலுக்கு நடுவில் சிறகைப் பிடித்து, லென்ஸைக் கண்ணோடு சேர்த்துப் பார்த்தேன். இரண்டாவது துண்டில் பிறை. சுத்தமான, மெல்லிய பிறை. இரண்டு பக்கமும் ஒட்டாத இரண்டு கோடு. லென்ஸைத் துடைத்து மறுபடி பார்த்தேன். ஆறு வருடம் நான் கனவில் கண்டதை இவர் ஆடுகிற கரையில் நின்று, பற்றிஸ் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார். ஒரு நொடி சந்தோஷம். அடுத்த நொடி, "கண்டவர்" கட்டத்தில் இவருடைய பெயர். சங்கத்துக்காரர் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். மகள் பார்ப்பாள்.

"லாடம்தான்," என்றேன்.

"அப்ப அந்தக் கோடு?"

"ஒரே இனத்திலயே அப்பிடிச் சிலது வரும். அது வித்தியாசம் இல்லை. உங்கட கண்ணுக்கு அப்பிடித் தெரியுது."

"சரியாப் பாத்தனீரோ?"

"எனக்குத் தெரியாதோ?"

விரலைத் திறந்தேன். அது பறந்து கோரைக்குள் போனது. இவர் அது போன இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஓம், நீர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார். முழுதாக நம்பினார். பெயர் சொல்கிறவள் நானல்லவா. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் ஏதேதோ கதைத்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிறு கார் நிறுத்துமிடத்தில் இவர் இறங்கவில்லை. "நீர் போட்டு வாரும். நான் வந்து சும்மா உம்மைக் குழப்பிக்கொண்டு நிக்கிறன்" என்று சீற்றைச் சரித்தார். நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், துள்ளிக் குதிக்காத குறையாகக் குளத்துக்கு நடந்தேன். என் குளம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

என் திட்டம் இதுதான்: வேலையில்லாத ஒரு நாள் தனியே போய் அந்தப் பிறைக்காரியை நானே கண்டு, நானே பெயர் சொல்லி, இரண்டு கட்டத்திலும் என் பெயரை எழுதிவிட வேண்டும். இவருக்குச் சொல்லாமல் சயிக்கிளில் போனேன். முதல் தரம் மேகம். வெயில் இல்லாவிட்டால் ஊசித்தும்பி ஒன்றும் வெளியே வராது. இரண்டாம் தரம் வெயில் இருந்தது, நூற்றுக்கணக்கில் லாடம் இருந்தது, கண் பூத்துப்போனதுதான் மிச்சம். மூன்றாம் தரம் பாசிமெத்தை கிழிந்து ஒரு கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. பூட்ஸுக்குள் தண்ணீரோடு, நுளம்புக்கடியோடு, சயிக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அத்தனை நீலத்துக்குள் எது மாறி நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து லென்ஸ் வைத்தால்தான் எனக்குத் தெரியும். இவருக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

அன்றைக்கு நான் குளித்து, இடியப்பம் அவித்துக்கொண்டிருக்கும்போது இவர் வேலையால் வந்தார். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முந்தி. சாப்பாட்டு மேசையில் இருந்து, கார்த் திறப்பைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே சொன்னார்.

"திங்கள் தொடக்கம் நான் பொதி கட்டுற பகுதிக்குப் போறன்."

"ஏன்? மேசைக்கு என்ன?"

"நான்தான் கேட்டனான்."

இவர் அந்த மேசையைவிட்டு ஒரு நாளும் போகமாட்டேன் என்று நின்றவர். சம்பளம் கூட்டித் தருகிறோம், ஆட்களை மேற்பார்வை செய்யுங்கள் என்று ஒருமுறை கேட்டபோதும் மேசைதான் வேண்டும் என்றவர். இந்த வருடம் வந்த புது மேலாளருக்கு இவரோடு ஒத்துப்போகவில்லை என்று எனக்குத் தெரியும். இவர் சிவப்பு ஒட்டி அதிகம் ஒட்டுகிறாராம். மற்றவர்கள் சரி என்று விடும் துணியை இவர் மட்டும் நிறுத்துகிறாராம். இவர் விட்டுக்கொடுக்காமல் மூன்று மாதமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் சொன்னான், நான் இல்லாத பிழையைக் காணுறனாம்," என்றார். "முதல் எனக்குக் கோவம்தான் வந்தது. பிறகு யோசிச்சுப் பாத்தன். அண்டைக்கு அந்தத் தும்பியிலயும் அப்பிடித்தானே. நான் நூல் அறுந்திருக்கெண்டு நிண்டன். நீர் லென்ஸ் வச்சுப் பாத்திட்டு ஒண்டும் இல்லை எண்டனீர். அவனுக்கு என்னில விருப்பமில்லை எண்டு வைப்பம். நீர் ஏன் பொய் சொல்லப்போறீர்?"

நான் அடுப்பை அணைத்தேன். இடியப்பத் தட்டிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு இவருக்கு முன்னால் போய் இருந்தேன். இருந்தால்தான் சொல்லலாம் போல் இருந்தது.

"அது லாடம் இல்லை," என்றேன்.

"எது?"

"அண்டைக்கு நீங்கள் கண்டது. அது பிறைதான். கோடு அறுந்துதான் இருந்தது. நான் பாத்தனான்."

இவருக்கு உடனே விளங்கவில்லை. திறப்பு சுழல்வது நின்றது.

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"பொறாமையில."

அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், சொந்த வீட்டில், சொந்த மனுசனுக்கு முன்னால். இவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எழும்பி வெளியே போனார். முந்தின நாள்தான் வெட்டிய புல்லை மறுபடி வெட்டத் தொடங்கினார். இருட்ட நேரமெடுக்கும் மாதம். மிசின் சத்தம் நெடுநேரம் கேட்டது. இடியப்பத்தை யாரும் சாப்பிடவில்லை.

திங்கள் காலையில் மேலாளரிடம் போய் மேசையைத் திரும்பக் கேட்டார். அதற்கு வேறு ஆளைப் போட்டாயிற்று. அந்த ஆள் விடுமுறையில் போகும்போது கூப்பிடுகிறோம் என்றார்களாம். இதை என்னிடம் சொன்னது கூட இவரில்லை. மகள் போனில் சொன்னாள். அந்தக் கிழமை முழுக்க இவர் என்னோடு கதைத்தது "உப்பைத் தாரும்", "கதவைப் பூட்டும்" அவ்வளவுதான். நான் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அதையும் என் தேவைக்குச் செய்வதுபோல் இருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலையில் நான் எழும்பி வரும்போது இவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வலையும் பையும் காருக்குள் ஏற்கெனவே இருந்தன.

"இன்னும் பறக்குமோ அது?"

"இன்னும் ஒரு கிழமை, கூடினால் ரெண்டு."

"அப்ப ஏறும்."

குளத்தில் அன்றைக்கு வெயில் வருவதும் போவதுமாக இருந்தது. மேகம் வந்தால் எல்லாம் கோரைக்குள் ஒளிந்துவிடும். இவர் பேர்ச் மரத்தடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் இரண்டடி தள்ளி வலையோடு நின்றேன். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது: இவருக்குக் கிடைக்காமல் போனால்? அந்த எண்ணத்தில் ஒரு சொட்டு ஆறுதல் இருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. பிறகு மேகம் விலகியது. கோரைக்குள்ளிருந்து ஊசித்தும்பிகள் நீலம் நீலமாக எழும்பின. இவர் தலையைக் கொஞ்சம் சரித்தார்.

"உந்தச் சரிஞ்ச தண்டில. மேல இருந்து மூண்டாவது."

பிடித்தேன். இவர் கையை நீட்டினார். முதல்முறையாக லென்ஸைக் கழற்றி இவரிடம் கொடுத்தேன். என் விரலுக்கு நடுவில் இருந்த ஊசித்தும்பிக்கு மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். இவருடைய மூச்சு என் கையில் பட்டது. பிறகு லென்ஸை என்னிடம் திருப்பித் தந்தார்.

"இப்ப நீர் பாத்துச் சொல்லும். சரியாப் பாத்துச் சொல்லும்."

பார்த்தேன். "பிறை," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன?"

"பிறை. கோடு ரெண்டும் ஒட்டேல்லை. நீங்கள் சொன்னது சரி."

நான் படம் எடுத்து, விரலைத் திறந்துவிட்டு, அங்கேயே போனில் பதிந்தேன். கண்டவர், இவர். பெயர் சொன்னவர், நான். திரையை இவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். அந்த இரண்டு கட்டமும் என்ன என்று முதல்முறையாகக் கேட்டார். சொன்னேன். என் பழைய பதிவுகளைக் கேட்டார். காட்டினேன். வருடம் வருடமாக இரண்டு கட்டத்திலும் என் பெயர். போன மேயிலிருந்து ஒன்றில் என் பெயர் இல்லை. இவர் விரலால் தள்ளித் தள்ளி மேலே போய், கீழே வந்து, போனைத் தந்தார்.

"இதுக்கோ?"

"இதுக்குத்தான்."

"இது உமக்குத் தனிய வேணும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் காருக்குள்ளயே இருந்திருப்பனே. எனக்கென்ன, எனக்கு மேசை இருந்தது."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, பையைக் கரையில் வைத்து, காரை நோக்கி நடக்கத் தொடங்கினார். குளம் முழுக்க எனக்கு. நான் கேட்காமலே தந்துவிட்டுப் போகிறார். மேசையையும் இழந்துவிட்டு, இதையும் விட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டியபடி போகிறார். வெட்கம் வந்தது, அழுகை வந்தது, எல்லாம் வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வந்தது பழைய எரிச்சல்தான். நான் ஆறு வருடம் இறுக்கிப் பிடித்திருந்ததை இந்த மனுசன் எவ்வளவு லேசாக விட்டுவிட்டார். காண்பதில்தான் என்னைவிடக் கெட்டிக்காரர் என்று நினைத்திருந்தேன், விட்டுக்கொடுப்பதிலும் அப்படித்தான்.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. "அப்பா, நில்லுங்கோ. மற்றக் கரை இன்னும் பாக்கேல்லை."

நின்றார். "ஆர் பாக்கிறது?"

"நீங்கள் பாருங்கோ. நான் எழுதிறன்."

அன்பில் கூப்பிட்டேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். இல்லை. விட்டுக்கொடுப்பதிலாவது இவரை முந்தவிடக் கூடாது என்றுதான் கூப்பிட்டேன்.